ஸ்டேஷன் பக்கத்தில் வீடு கேட்ட கோதண்டம்

கோதண்டம் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வேலூரில் என் வீட்டு மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. போனில் அவர் மகள் தேவகி. "சித்தப்பா, அப்பா போயிட்டாருங்க" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. கேள்விதான் வந்தது. எப்போது போனார், பக்கத்தில் யார் இருந்தார்கள், கடைசியாக என்ன சாப்பிட்டார், யாரோடு பேசினார் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். காபி குடித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். பேப்பர் மடியில் இருந்திருக்கிறது. எல்லாம் சொல்லிவிட்டு, "நீங்களும் அப்பா மாதிரியே கேக்கறீங்க சித்தப்பா" என்றாள். அப்போதுதான் அழுதேன்.

ஆரணியில் அவர் கால் படாத அரிசி ஆலை கிடையாது. ஆகவே இதைப் படிக்கிற ஆரணி ஆலைக்காரர்களான உங்களில் பாதிப்பேர் அவரிடம் மாட்டிக்கொண்டு விழித்தவர்களாகத்தான் இருப்பீர்கள். மெஷினைச் சரி செய்ய வந்தவர், "உங்க ஊட்டு மாட்டுக்கு இன்னா பேரு? அந்தப் பேர ஏன் வெச்சீங்க?" என்று கேட்டதும் உங்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கும். எனக்கும் இருந்தது. அந்த எரிச்சலோடு நாற்பது வருடத்துக்கு மேல் அவரோடு குப்பை கொட்டினேன். "கேட்டா இன்னாபா, வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?" என்பார். அவருக்கு உதிராது. பதில் சொல்கிறவனுக்குத்தான் தாவு தீர்ந்துவிடும்.

வெளியூர்க்காரர்களுக்கு ஆரணி என்றால் பட்டு. எங்கள் இரண்டு பேருக்கும் ஆரணி என்றால் நெல். ஜப்பான்காரர்களோடு கூட்டு வைத்து அரிசி ஆலை மெஷின் செய்த ஒரு சென்னை கம்பெனியில் நாங்கள் மெக்கானிக்குகள். எழுபதுகளின் கடைசியில் ஆரணி சைதாப்பேட்டைப் பக்கம் ஓர் ஆலையில் புது மெஷின் இறக்க ஜப்பானிலிருந்து ஓர் என்ஜினியர் வந்தார். நாங்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். கோதண்டம் மட்டும் மேனேஜரின் இங்கிலீஷைக் கடன் வாங்கி அவரிடம் கேட்க ஆரம்பித்தார். உங்கள் ஊரில் உமியை என்ன செய்வீர்கள்? அரிசியை எத்தனை தண்ணீரில் களைவீர்கள்? கஞ்சி வடிப்பீர்களா, மாட்டீர்களா? மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, "மெஷினப் பத்தி ஏதாச்சும் கேளுய்யா" என்றார். "மெஷினுதான் எதுர நிக்குதே சார். இவுரு நாளைக்கு போயிடுவாரே" என்றார் கோதண்டம்.

இரண்டு வருடம் ஜப்பானில் இருந்து வேலை கற்றுவர இரண்டு பேரை அனுப்பலாம் என்று பேச்சு வந்தபோது, அந்த என்ஜினியர் கேட்ட ஆள் இவர்தான். பெயர் தெரியாமல், 'கேள்வி கேட்கிறவர்' என்று சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டாவது ஆளாக என்னைப் போட்டதற்கு என் திறமை காரணம் என்று என் வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். இவரை அடக்க ஓர் ஆள் வேண்டும் என்று மேனேஜர் நினைத்ததுதான் உண்மையான காரணம்.

ஆனால் ஜப்பானுக்கு முன்னால், ஆரணியில் அவர் வீடு பிடித்த கதையைச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் வாடகை வீடு தேடினார். அவர் முறையே வேறு. வீட்டை அவர் கடைசியாகத்தான் பார்ப்பார். முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. "வெறுங்கையோட போயி கதவ தட்டினா வசூலுக்கு வந்துகிறான்னு நினைப்பாங்கோ. பழத்தோட போனா சொந்தக்காரன்னு நினைச்சி உள்ள கூப்ட்டு குந்த வெப்பாங்கோ" என்பார். குந்த வைத்த பிறகு ஹவுஸ் ஓனரின் ஜாதகத்தையே வாங்கிவிடுவார். விளக்கை எத்தனை மணிக்கு அணைக்கச் சொல்வார், விருந்தாளி வந்தால் முகம் சுளிப்பாரா, கிணற்றுக்குப் பூட்டு போடுவாரா. எல்லாம் சரி என்றால்தான் வீட்டுக்குள் போய், குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீர் குடித்துப் பார்ப்பார். உப்பு என்றால் வந்த வழியே திரும்பிவிடுவார்.

அப்படிப் பிடித்த வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. கண்ணமங்கலம் பஸ்ஸும் வேலூர் பஸ்ஸும் தலைமாட்டிலேயே ஹாரன் அடிக்கும். "மனுஷன் தூங்கற எடமாண்ணா இது?" என்று கேட்டேன். "உங்க அண்ணிக்கு புடிச்சிப் போச்சிபா" என்றார். தேவிகாபுரத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர் சரசா அண்ணி. நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். நான் போனால் முதல் கேள்வியே, "தம்பி, அந்தம்மா மூணு கோழிய எடுத்துகினு படவேட்டு பஸ்ல ஏறிச்சே, கோழிக்கு டிக்கெட் உண்டா?" என்பதாகத்தான் இருக்கும். ஜாடிக்கேத்த மூடி என்று நாங்கள் சிரிப்போம். அந்த வீட்டில் ஒருவர் கேட்க இன்னொருவர் கேட்க, பதில் சொல்லத்தான் ஆள் கிடையாது.

அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். சில நாட்கள்தான் இருந்தான். அதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. அதற்கப்புறம் அண்ணி ஜன்னலைச் சாத்திவிட்டார். சமைத்தார், துவைத்தார், கூப்பிட்டால் வந்தார். அழவும் இல்லை. மில்லில் கையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே கோதண்டம் என்னிடம் சொன்னார்: "அழுதா தேவல சேகரு. என்னப் புடிச்சி சண்டை போட்டாகூட தேவல. ஒண்ணியும் கேக்க மாட்டேங்கிறாபா. நேத்து பஸ் ஸ்டாண்டுல லாரி கவுந்து ஊரே ஓடிச்சி. இவ இன்னா ஆச்சின்னு கேக்கல." அவர் குரல் அப்படி உடைந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்த நிலைமையில்தான் ஜப்பான் உத்தரவு வந்தது. அவர் போக மாட்டேன் என்றார். கம்பெனியில் ஒரு வழி சொன்னார்கள். முதலில் அங்கே அவர்களுடைய ஹாஸ்டலில் தங்க வேண்டும். அதற்குப் பிறகு தன் முயற்சியில் தனி வீடு பிடித்துக்கொள்கிறவன் மனைவியை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் வருடத்துக்குள் வீடு அமைய வேண்டும். அமையாவிட்டால் மனைவிக்கான ஏற்பாட்டைக் கம்பெனி செய்யாது. அண்ணியின் அப்பா கறாராகப் பேசினார்: "இட்டுகினு போறதா இருந்தா ஒரு வருஷத்துல இட்டுகினு போ மாப்ள. இல்லன்னா எம்பொண்ணு எங்கூட்டுலயே இருந்துடட்டும். இப்டி பேசாம சுவத்தோட சுவரா உன் வூட்டுல அவ இருக்க வாணாம்." மாமனாரிடம் கோதண்டம் சரி என்றார். அண்ணியிடம், "கூட்டிக்கிறேன் சரசு" என்றார். அண்ணி எங்கே என்றோ எப்போது என்றோ கேட்கவில்லை.

ரயில் ஊருக்குள் வராத ஊர்க்காரர்கள் நாங்கள். ஆரணி ரோடு என்று பெயர் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் களம்பூரில் உட்கார்ந்திருக்கிறது. எங்களைக் கொண்டுபோய் ஓமியாவில் இறக்கினார்கள். டோக்கியோவுக்கு வடக்கே, எந்தப் பக்கத்து ரயிலும் வந்து கூடிப் பிரிகிற இடம் அது. ஒரு ரயில் போன சூடு ஆறுவதற்குள் அடுத்தது வரும். காலையில் ஸ்டேஷன் வாசலில் நின்றால், திருவிழாக் கூட்டம் மொத்தமும் ஆபீஸ் சட்டை போட்டுக்கொண்டு வருகிறதோ என்று தோன்றும். ஆனால் கூச்சல் கிடையாது. செருப்புச் சத்தம் மட்டும்தான். முதல் நாளே கோதண்டம் அந்த வெள்ளத்தின் நடுவில் நின்றுவிட்டார். ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "சேகரு, இவ்ளோ பேரு வேலைக்கி போறாங்க, ஒருத்தன் கையிலயும் டிபன் கேரியர் இல்லியே. சோத்துக்கு இன்னாதான் பண்றாங்கோ?" என்றார். நான் அவர் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

அங்கே வீடு பிடிக்கத் தரகர் கடைக்குத்தான் போக வேண்டும். ஸ்டேஷனைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கடைகள். கண்ணாடி முழுக்கக் காகிதம் ஒட்டியிருக்கும், ஒவ்வொரு காகிதத்திலும் ஒரு வீட்டின் படம். அறையை அடிக்கணக்கில் சொல்ல மாட்டார்கள், பாய்க்கணக்கில் சொல்வார்கள். தரை முழுக்கப் பாய்தான். ஆறு பாய் அறை, நாலரைப் பாய் அறை. "அரைப் பாயில யாரு படுப்பாங்க?" என்று கோதண்டம் கேட்டார். வீடு பிடிக்க ஒரு ஜாமீன்தாரரும் வேண்டும். நம் ஊரில் ஜெயிலிலிருந்து ஆளை எடுக்கத்தான் ஜாமீன். அங்கே வீட்டுக்குள் ஆளை வைக்கவே ஜாமீன். எங்கள் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்த மோரி என்கிற நல்ல மனிதர் அந்தக் கையெழுத்தைப் போட முன்வந்தார். இங்கிலீஷ் ஓரளவு தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு கடை கடையாக அலைந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. தரகர் எழுந்து நிற்பார், குனிந்து வணங்குவார், டீ கொடுப்பார். பிறகு உள்ளே போய் ஓனருக்குப் போன் போட்டுவிட்டு வந்து, பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சிக்கொண்டு தலையைச் சாய்ப்பார். வெளிநாட்டுக்காரருக்கு இல்லை என்பதை அவ்வளவு மரியாதையாகச் சொல்ல நம் ஊரில் யாருக்கும் வராது. சில இடங்களில் வீட்டையாவது காட்டினார்கள். அங்கே இவர் நேரே சமையல் மேடைக்குப் போய்க் குழாயைத் திறந்து, ஒரு கை தண்ணீரைக் குடித்து, வாய்க்குள் சுழற்றி விழுங்கிவிட்டு, "நல்ல தண்ணி" என்று தமிழில் சர்டிபிகேட் கொடுப்பார். தரகர்கள் மோரியைப் பார்ப்பார்கள். மோரி கூரையைப் பார்ப்பார்.

மாதங்கள் ஓடின. பொறுக்க முடியாமல் மோரியே ஒரு வீட்டைக் கண்டுபிடித்தார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வயல்வெளி நடுவில் அமைதியான இடம், வாடகையும் குறைச்சல். மோரியின் உறவுக்காரர் வீடு என்பதால் வெளிநாட்டுக்காரர் என்ற பேச்சே இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. கோதண்டம் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், தண்ணீரும் குடித்தார், நல்ல தண்ணீர் என்றும் சொன்னார். பிறகு வேண்டாம் என்றார். ஸ்டேஷன் பக்கத்தில்தான் வேண்டுமாம்.

திரும்பி வந்து ஓமியா பிளாட்பாரத்தில் இறங்கியதும் நான் வெடித்துவிட்டேன். "உனக்கு புத்தி கெட்டுப் போச்சாண்ணா? வருஷம் முடியப் போவுது. ஊர்ல அண்ணி குந்திகினு இருக்கறாங்க. கெடைச்ச வூட்ட உட்டுட்டு இந்த ரயில் சத்தத்துலதான் குடித்தனம் பண்ணணுமா? ஏன் இப்டி பேஜார் பண்ற?" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சேகரு, அந்த வூட்டுல ஜன்னல தொறந்தா இன்னா தெரியும்? வயலு. நாத்து. கொக்கு. அதெல்லாம் அவ பொறந்ததுலேர்ந்து பாத்துகினு இருக்கறது. தெரிஞ்சதப் பாத்து யாராச்சும் கேள்வி கேப்பாங்களா? எனக்கு ஜன்னல தொறந்தா ஒண்ணியும் புரியாத வூடு வேணும்பா" என்றார். அதுவரை அவர் சத்தத்துக்காகத்தான் ஸ்டேஷன் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அடுத்து கிடைத்தது ஒரு சைக்கிள் கடையின் மாடி. கடைக்காரரே ஓனர். மாடியில் அடுத்தடுத்து இரண்டு வீடு, ஒன்று காலி. அந்தக் காலி வீட்டு ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே தண்டவாளங்களும் பிளாட்பாரத்தின் ஒரு முனையும். கோதண்டம் அங்கேயே நின்றுவிட்டார், தண்ணீர் குடிக்கக்கூட மறந்துவிட்டார். ஓனர் கையில் டயர் டியூபோடு மேலே வந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். தரகரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கீழே போனார். மோரி எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்கத் தேவையும் இல்லை.

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறு ஞாயிறு கோதண்டம் என்னைக் கிளப்பினார். கையில் வாழைப்பழம். காகிதப் பை கிழிந்துவிட்டதால் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு புது ஈரிழைத் துண்டில் மூட்டையாகக் கட்டியிருந்தார். எங்கே என்றேன். "ஓனரு இல்லன்னு சொன்னா உட்டுடறதா? ஏன் இல்லன்றாருன்னு பக்கத்து வூட்டுல விசாரிப்போம் வா" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆரணி புத்தி எங்கே போனாலும் போகாது. மோரியும் கூட இல்லை.

பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்தது ஒரு வயதான அம்மாள். என் தோள் உயரம்கூட இல்லை. கோதண்டம் குனிந்து வணங்கினார். மூட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். பக்கத்துக் காலி வீட்டைக் காட்டி, அவருக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய வார்த்தைகளைப் போட்டார்: பக்கத்து வீடு, இந்தியா, கோதண்டம், தயவுசெய்து. அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. மூட்டையை இரண்டு கையாலும் வாங்கி நெற்றி உயரத்துக்குத் தூக்கினார், உள்ளே போனார், அரிசி அப்பளம் மாதிரி ஒரு தின்பண்டப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். மடங்கி மடங்கி வணங்கினார். நாங்களும் வணங்கினோம். கதவு சாத்திக்கொண்டது.

மனுஷன் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒரு வீட்டு வாசலிலிருந்து திரும்பியது அதுதான் முதல் தடவை. படியில் பாதி இறங்கியவர் நின்று, "துண்டையும் வெச்சிகினாங்கபா" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் தொழிற்சாலையில் மோரியிடம் சொன்னபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டாம். புதிதாகக் குடிவந்தவர்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய், இனி நாங்கள் உங்கள் பக்கத்தில் இருப்போம் என்று சொல்லி ஒரு சின்னப் பொருளைக் கொடுத்துவிட்டு வருவார்களாம். பெரும்பாலும் என்ன கொடுப்பார்கள் தெரியுமா? துண்டு. "அந்த அம்மாள் நீங்கள் குடிவந்துவிட்டீர்கள் என்று நினைத்திருக்கிறார்" என்றார் மோரி. எனக்கு மறுபடி சிரிப்பு. கோதண்டம் சிரிக்கவில்லை. முகம் சுண்டிவிட்டது. "அய்யய்யோ, அந்தம்மா நான் வருவேன்னு நினைச்சிகினு இருக்குமே. ஏமாத்தின மாதிரி ஆயிடிச்சே" என்றார். அன்று வேலை முடிந்ததும் மோரியை இழுத்துக்கொண்டு போனார். நானும் போனேன்.

அந்த அம்மாள் எங்களை உள்ளே உட்கார வைத்தார். கோதண்டம் அங்கே வந்து கற்ற அரைகுறை இங்கிலீஷில் சொல்ல, மோரி ஜப்பானிய மொழியில் சொன்னார்: நான் இங்கே குடிவரவில்லை. ஓனர் இல்லை என்று சொல்லிவிட்டார். ஏன் என்று உங்களைக் கேட்கத்தான் வந்தேன். துண்டு பழம் கட்டிவந்தது. உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: வயல் பக்கத்தில் நல்ல வீடு கிடைத்தும் ஏன் வேண்டாம் என்றீர்கள்? உள்ளே வந்ததும் மோரி அவரிடம் அதைச் சொல்லியிருந்தார். கோதண்டம் பையனைப் பற்றிச் சொன்னார். சாத்திய ஜன்னலைச் சொன்னார். மோரிக்கு அதெல்லாம் தெரியாது. மொழிபெயர்ப்பை நடுவில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மெல்லிய குரலில் மீதியைச் சொன்னார்.

அந்த அம்மாள் எழுந்தார். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து மடித்து வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் படியிறங்கி நேரே சைக்கிள் கடைக்குள் போனார். அவர் ஓனரிடம் பேசியதைப் பிறகு மோரி சொன்னார். "இவர் குடிவந்ததாக முறைப்படி எனக்குத் துண்டு கொடுத்துவிட்டார். நான் வாங்கிக்கொண்டேன். அதில் முகமும் துடைத்துவிட்டேன். இப்போது வீடு இல்லை என்றால் முகம் துடைத்த துண்டை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பது? நீயே சொல்" என்று கேட்டாராம். ஓனர் சங்கிலி எண்ணெய்க் கையோடு நின்றார். எண்ணெய் பொரிக்கிற வாசனை வருமே என்றார். "வரும்தான். அதுல பொய் சொல்ல முடியாது" என்றார் கோதண்டம். ஒரு அறைக்குள் பத்துப் பேர் வந்துவிட்டால்? "நானும் என் சம்சாரமும்தான்." சொல்லாமல் ஊருக்கு ஓடிவிட்டால்? "மோரி சார் தலையில விடியும். அவர உட்டுட்டு எங்க ஓடறது?" இதை மோரியே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

ஓனர் உம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். நம் ஆள் விடுவாரா? "உங்க ஊரு சைக்கிள்ல எல்லாம் முன்னால கூடை வெச்சிகிறீங்களே, எங்க ஊர்ல பின்னால கேரியருதான். ஏன் அப்டி?" என்று ஆரம்பித்தார். காரியம் கெட்டது என்று நான் அவர் முதுகில் கிள்ளினேன். ஓனர் பதில் சொன்னார். இவர் மேலே கேட்டார். ஆரணியில் மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விடுவதைக் கேட்டு ஓனர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் கிளம்பும்போது சாவி கோதண்டம் கையில் இருந்தது.

அண்ணி வந்தார். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, சிரிப்பில்லாமல், வந்த வழி பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணி பிடிக்கவிட்டார், அவ்வளவுதான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பின்னால் ரயில் ரயிலாகப் போகும். நாட்கள் போகப்போக கோதண்டத்துக்கே நம்பிக்கை தேய்ந்துவிட்டது. "அவள வயலண்டையே உட்டிருக்கணுமோ? நாந்தான் தப்பு பண்ணிட்டனா சேகரு?" என்று மெஷினுக்கு முன்னால் நின்று கேட்டார்.

ஒரு ஞாயிறு மதியம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். தணிவான மேஜைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். காயப்போட்ட துணியை எடுக்க அண்ணி ஜன்னலுக்குப் போனார். துணியைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். ஒரு ரயில் போயிற்று. இன்னொன்று வந்தது. அவர் திரும்பவில்லை. நான் எக்கிப் பார்த்தேன். பிளாட்பாரத்தின் முனையில் வெள்ளைக் கையுறை போட்ட ரயில்வேக்காரர் ஒருவர் தனியாக நின்றார். கையை நீட்டித் தண்டவாளத்தின் ஒரு பக்கத்தைச் சுட்டி ஏதோ சொன்னார். மறுபக்கத்தைச் சுட்டி ஏதோ சொன்னார். பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ரயில் கிளம்பியது. அடுத்த ரயிலுக்கும் அதே மாதிரி செய்தார்.

"அந்த ஆளு தனியா நின்னுகினு யாராண்ட பேசறாரு?" என்றார் அண்ணி.

எனக்குக் கையில் சோறு அப்படியே நின்றது. பதில் எனக்குத் தெரியும். வந்த முதல் வாரமே கோதண்டம் மோரியைக் குடைந்து கேட்டு, என்னிடம் பல தடவை சொல்லிக் காதைப் புண்ணாக்கிய விஷயம் அது. கவனம் பிசகாமல் இருக்க அவர்கள் கண்டுபிடித்த முறை: பார்த்ததைக் கையால் காட்டி, வாயாலும் சொல்லிவிடுவது. அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் கோதண்டம் என் காலை நறுக்கென்று மிதித்தார்.

"தெரியலையே சரசு" என்றார். "எனக்கும் ரொம்ப நாளா அதே யோசனைதான். வா, போய் கேட்டுகினு வரலாம்."

"சாப்பாடு ஆறிடுமே."

"ஆறட்டும், வா."

எச்சில் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். அண்ணி துணியை என் மடியில் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் தெரிந்தார்கள். கோதண்டம் குனிந்து வணங்கினார். ரயில்வேக்காரர் ஒரு கணம் திகைத்தார். பிறகு கையை நீட்டிக் காட்டி விளக்கினார். அண்ணி கைச் சாடையில் ஏதோ கேட்டார். அவர் பதில் சொன்னார். மறுபடி அண்ணிதான் கேட்டார். கோதண்டம் பேசவே இல்லை. மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். எனக்கு அந்த மாதிரி சந்தோஷம் என் சொந்தக் கல்யாணத்தில்கூட வந்ததில்லை. இதை என் மனைவி படித்தால் படிக்கட்டும்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் எனக்கு நிம்மதி போயிற்று. கதவைத் திறந்தால் அண்ணியின் கேள்வி. தேவகி பிறந்ததெல்லாம் ஊர் திரும்பிய பிறகு. அப்புறம் வருடக்கணக்காக அவர் ஆரணியில் மில் மில்லாக எப்படி அலைந்தார் என்பது உங்களுக்கே தெரியும், அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தபோது அண்ணி யாரோடும் பேசவில்லை. அழவும் இல்லை. சில நாள் கழித்து மறுபடி போனேன். தேவகி என்னை வாசலிலேயே நிறுத்தி, "அம்மா ஒண்ணியும் பேச மாட்டேங்கறாங்க சித்தப்பா. எனக்கு பயமா இருக்குது" என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. தேவகி காபி வைத்துவிட்டுப் போனாள். அது ஆடை கட்டியது.

"தம்பி" என்றார் அண்ணி. "அந்த ஊர்ல இப்பவும் அந்த மாதிரி கைய நீட்டி நீட்டி பேசறாங்களா?"

இப்போதும்தான் செய்கிறார்கள். என் பேரன் போன மாதம்கூடப் போனில் ஒரு வீடியோ காட்டினான். சொல்லத்தான் வாயெடுத்தேன். என் காலை மிதிக்க ஆள் இல்லை.

"தெரியலையே அண்ணி" என்றேன். "யாரையாச்சும் கேட்டுப் பாக்கலாம்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். உதடு கோணிற்று. சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். "அவரு மாதிரியே பொய் சொல்றீங்க" என்றார். "அன்னிக்கு அவருக்கு தெரியும்னு எனக்கு தெரியாதா தம்பி? அந்த ஊருக்கு வந்து இத்தினி நாளு ஆச்சி, அந்த மனுஷன் அத கேக்காம உட்டிருப்பாரா? தெரிஞ்சிதான் கெளம்பிப் போனேன். பாவம், எப்டி கூப்ட்டாரு." அதற்கு மேல் பேச முடியாமல் அழ ஆரம்பித்தார். அவர் போன பிறகு அண்ணி அழுதது அப்போதுதான். தேவகி உள்ளேயிருந்து ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அவர் கற்றுக்கொண்டுவந்த தொழிலில் பாதியை நான் மறந்துவிட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒரு பொய்தான். அதையும் அவர் அளவுக்கு எனக்குச் சொல்ல வரவில்லை. ஆனாலும் அண்ணி பேசிவிட்டார்.